பார்லே: ஓர் ஊர், இரண்டு நகராட்சிகள், தீராத ஒரு கேள்வி

நெதர்லாந்தின் தெற்கு எல்லையில், வடக்கு பிராபாந்து மாகாணத்தில், பார்லே என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரின் ஒரு பங்கு பார்லே-நாசோ என்ற பெயரில் நெதர்லாந்துக்கும், மற்றொரு பங்கு பார்லே-ஹெர்டோக் என்ற பெயரில் பெல்ஜியத்துக்கும் உரியது. எல்லைக்கோடு ஊரின் குறுக்கே ஒரே கோடாகப் போயிருந்தால் வியக்க அதிகமில்லை. அப்படிப் பிளவுண்ட ஊர்கள் உலகில் பல உண்டு. பார்லேயிலோ பெல்ஜியத்தின் நிலம் 22 திட்டுகளாக நெதர்லாந்து மண்ணுக்குள் சிதறிக் கிடக்கிறது. அந்தத் திட்டுகளுக்குள் நெதர்லாந்தின் 7 திட்டுகள் அடைபட்டிருக்கின்றன. நெதர்லாந்தின் இன்னொரு திட்டு, ஊருக்குத் தெற்கே, பெல்ஜியத்தின் பெருநிலத்துக்குள் தனியாகக் கிடக்கிறது. ஆக மொத்தம் 30. பெல்ஜியத் திட்டுகள் அனைத்தையும் கூட்டினாலும் சுமார் 2.3 சதுர கிலோமீட்டர்தான் வரும்.

இரு நகராட்சிகளையும் சேர்த்து ஏறக்குறைய 10,000 பேர் கொண்ட ஓர் ஊர்ச் சமூகம் இரண்டு மேயர்கள், இரண்டு மன்றங்கள், இரண்டு வரிச் சட்டங்கள், இரண்டு காவல்துறைகள் ஆகியவற்றின்கீழ் வாழ்ந்துவருகிறது. பேசுவது ஒரே டச்சு மொழி. இந்த எல்லையை நேராக்கி ஊரை ஒன்றாக்க வேண்டுமா, அல்லது இருக்கிறபடி விட்டுவிட்டு இரண்டு ஆட்சிகளையும் இணக்கமாக நடத்த வழி தேட வேண்டுமா என்ற கேள்விக்கு, அரச தூதர்கள், நில அளவையாளர்கள், நீதிபதிகள், புவியியலாளர்கள், உள்ளூர் மன்ற உறுப்பினர்கள் எனப் பலரும் பல காலமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எதில் வலுவானவை, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

1198: நிலத்தின் பங்கீடா, குடிகளின் பங்கீடா?

பார்லேயின் கதையை எழுதுவோர் பெரும்பாலும் 1198-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறார்கள். அந்த ஆண்டில் பிராபாந்துக் கோமகன் முதலாம் ஹென்றிக்கும் பிரெடாவின் பிரபு கோட்ஃபிரீடுக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பிரெடாவின் பிரபு தன் நிலத்தைக் கோமகனிடம் ஒப்படைத்து, அதை அவரிடமிருந்தே மானியமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதாவது, கோமகனைத் தன் மேலாளராக ஏற்றார். அதற்கு ஈடாகப் பார்லே வட்டாரத்தில் அவருக்குக் கூடுதல் நிலம் கிடைத்தது. ஆனால் ஏற்கெனவே தனக்குக் கட்டுப்பட்டு வரி செலுத்திவந்த குடிகளையும் அவர்கள் பண்படுத்திய நிலங்களையும் கோமகன் விட்டுக்கொடுக்கவில்லை. குடியேறாத தரிசும் புதர்க்காடும் பிரெடாவின் பக்கம் போயின. 1403-இல் பிரெடாவின் வாரிசான போலானன் யோகன்னாவை நாசோ குலத்து எங்கல்பெர்ட் மணந்தார். அதன்பின் பிரெடாவின் பங்கு நாசோவின் பெயரைத் தாங்கியது. கோமகனின் பங்கு கோமகனின் பெயரிலேயே (டச்சில் 'ஹெர்டோக்') நின்றது.

இந்த விளக்கம் வலுவானது. இன்றும் ஊரின் பழைய மையமும் சுற்றியிருந்த பழைய விளைநிலங்களும் பெரும்பாலும் பெல்ஜியப் பகுதியில் வருவதற்கு இது காரணம் சொல்கிறது. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. 1198-இல் யாரும் வரைபடம் வரையவில்லை. அன்று பங்கிடப்பட்டவை உரிமைகள்: யார் யாருக்கு வரி கட்டுவது, யாருடைய நீதிமன்றத்தில் நிற்பது என்பவை. இன்று நடைபாதையில் வெள்ளைக் கற்களால் குறித்திருக்கும் கோடு அந்த ஆவணத்திலிருந்து நேரடியாகப் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. இடையில் நிலங்கள் கைமாறின, தரிசு உழப்பட்டது, பரம்பரைகள் பிரிந்தன.

அதனால் இன்னொரு பார்வையும் உண்டு. திட்டுகள் நாட்டெல்லையாக மாறியது இடைக்காலத்தில் அல்ல, 19-ஆம் நூற்றாண்டின் நில அளவையில்தான் என்பது அது. இரண்டு பார்வைகளும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குடிகளின்மேல் இருந்த உரிமையை இடைக்காலம் உருவாக்கியது. அந்த உரிமையைப் பின்வந்த அரசுகள் நிலத்தின்மேல் எல்லையாகப் பதித்தன. இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பார்லேயை வெறும் வரைபடப் பிழையாகப் பார்ப்பதே பிற்காலத் தீர்வுகள் பலவற்றின் முதல் சறுக்கல்.

நேராக்க முயன்றவர்கள்

டச்சுக்காரர்கள் ஸ்பெயினோடு நடத்திய எண்பதாண்டுப் போரை முடித்த 1648-ஆம் ஆண்டின் முன்ஸ்டர் உடன்படிக்கை இரண்டு பார்லேக்களுக்கும் இடையே முதன்முதலில் ஓர் அரசெல்லையைப் போட்டது. பிரெடாவைச் சேர்ந்த பார்லே-நாசோ டச்சுக் குடியரசுக்குப் போனது. துர்ன்ஹவுட் வட்டாரத்தைச் சேர்ந்த பார்லே-ஹெர்டோக் ஸ்பெயினின் ஆளுகையில் இருந்த தெற்கு நெதர்லாந்தில் தங்கியது. இதே காலத்தில் துர்ன்ஹவுட்டின் பிரபுத்துவம் ஆரஞ்சு-நாசோ குடும்பத்து அமாலியா வான் சோல்ம்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. இரு பக்கமும் ஒரே குடும்பத்தின் செல்வாக்கில் இருந்தும் இறையாண்மை வேறாகவே நீடித்தது. குடியரசில் கத்தோலிக்க வழிபாட்டைப் பொது இடத்தில் நடத்தத் தடை வந்தபோது, நாசோ பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்குக் கோமகன் பக்கத்தில் இருந்த புனித ரெமிஜியுஸ் தேவாலயம் புகலிடமானது. எல்லை தொந்தரவாக மட்டும் இருக்கவில்லை என்பதற்கு இது ஒரு தொடக்கச் சான்று.

நெப்போலியனின் பேரரசு இரு பக்கத்தையும் விழுங்கியபோதும், 1815 முதல் 1830 வரை வடக்கும் தெற்கும் ஒரே அரசாக இருந்தபோதும், பார்லேயை ஒன்றாக்க நல்ல வாய்ப்பு இருந்தது. அது நழுவிப்போனது. 1830-இல் பெல்ஜியம் பிரிந்தது. 1839-இல் அந்தப் பிரிவு உடன்படிக்கையால் உறுதியானது. மாகாணங்களுக்கு இடையே இருந்த கோடு மறுபடியும் நாடுகளுக்கு இடையிலான கோடாகிவிட்டது.

1843-இல் மாஸ்ட்ரிக்டில் கையெழுத்தான எல்லை உடன்படிக்கை இரு நாட்டு எல்லை நெடுகிலும் எண்ணிட்ட கம்பங்களை நட்டது. 214-ஆம் கம்பம் வரை வந்த கோடு பார்லேயின் அருகே நின்றுவிட்டு 215-ஆம் கம்பத்தில் மறுபடி தொடங்கியது. நடுவில் கோடு போட முடியவில்லை. அதற்குப் பதிலாக 5,732 நிலத்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது அந்த நகராட்சிக்கு, இது இந்த நகராட்சிக்கு என்று பட்டியலிட்டார்கள். ஆணையர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே இதற்கான வழக்கமான விளக்கம். ஆனால் அந்தப் பட்டியலின் விதை அதற்கு முன்பே, 1836-க்கும் 1841-க்கும் இடையில், இரு நகராட்சிகளின் அதிகாரிகளே உட்கார்ந்து தயாரித்த ஒரு பதிவேட்டில் இருந்தது. தலைநகரங்கள் தீர்க்க முடியாததை உள்ளூர் எழுத்தர்கள் தீர்த்துவைத்தார்கள். பார்லேயின் நிர்வாக வரலாற்றில் இந்த வரிசை திரும்பத் திரும்ப வருகிறது.

நேராக்கும் திட்டம் 1892-இல் மிக அருகில் வந்தது. திட்டுகளைப் பரிமாறிக்கொள்ள இரு அரசுகளும் அந்த ஆண்டில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காததால் அது செத்த ஆவணமாகிவிட்டது. பரிமாற்ற வாதத்தின் வலு எளிமையில் இருக்கிறது: பரப்புக்குப் பரப்பு மாற்றிக்கொண்டால் ஒரே ஆட்சி, ஒரே சட்டம், ஒரே சாலைப் பராமரிப்பு. அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. வீடும் கடையும் தேவாலயமும் கல்லறையும் அமைந்த ஊர் மையத்துக்கு எத்தனை எக்டேர் மேய்ச்சல் நிலம் ஈடாகும்? அந்தக் கணக்கை எந்தத் தரப்பாலும் போட முடியவில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். இதே இரு நாடுகள் மாஸ் ஆற்றங்கரையில், ஆறு நேராக்கப்பட்டதால் தவறான கரையில் மாட்டிக்கொண்ட நிலங்களை, 2016-இல் ஒப்பந்தமிட்டு, 2018 ஜனவரி 1 முதல் அமைதியாக மாற்றிக்கொண்டன. அங்கே குடியிருப்போர் யாரும் இல்லை. நிலத்தை மாற்றிக்கொள்வதில் இந்த அரசுகளுக்கு மனத்தடை இல்லை என்பதற்கு அதுவே சான்று. பார்லேயில் தடுப்பது குடிகள். அவர்களுடைய சொத்துரிமை, ஓய்வூதியம், பள்ளி, வாக்கு ஆகியவையும் நிலத்தோடு சேர்ந்து நாடு மாறவேண்டியிருக்கும்.

ஹேக் நீதிமன்றத்தின் பதில்

சட்டம் சொன்ன பதிலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உள்ளூர் ஆட்சியின் மதிப்பு என்ன என்பதைப் பற்றி இந்த ஊர் எழுப்பிய மிக நுட்பமான கேள்வி அங்கேதான் வந்தது.

சோண்டரைகன் பகுதியில் நில அளவைப் பிரிவு 'ஏ'-யில் 91, 92 என்ற எண்கள் கொண்ட இரண்டு துண்டுகள் யாருடையவை என்பது வழக்கு. நெதர்லாந்து காட்டிய நகராட்சிப் பதிவேட்டுப் படியில், 78 முதல் 111 வரையுள்ள எல்லாத் துண்டுகளும் பார்லே-நாசோவுக்கு என்று இருந்தது. 1843 உடன்படிக்கையோடு இணைந்த விவரப் பதிவேட்டிலோ 78 முதல் 90 வரை நாசோவுக்கு, 91-உம் 92-உம் ஹெர்டோகுக்கு, 93 முதல் 111 வரை மறுபடி நாசோவுக்கு என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு படியில் இல்லாத இரண்டு எண்கள் இன்னொன்றில் எப்படி வந்தன? எழுதுபவரின் பிழை என்றது நெதர்லாந்து. அதோடு, 1843-க்குப் பிறகு அந்த நிலத்தில் நில வரி, நிலப் பதிவு, பிறப்பு இறப்புத் திருமணப் பதிவு என அன்றாட நிர்வாகத்தைத் தன் அதிகாரிகளே நடத்திவந்ததாகவும், அதனால் நிலம் தனக்கே உரியது என்றும் வாதிட்டது.

இரு அரசுகளும் 1957-இல் ஒப்புக்கொண்டு வழக்கைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றன. 1959 ஜூன் 20-இல் நீதிமன்றம் 10-க்கு 4 என்ற வாக்கில் பெல்ஜியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. உடன்படிக்கை இறையாண்மையைத் தீர்மானித்துவிட்டது, பிழை என்பது நிறுவப்படவில்லை, உள்ளூர் அதிகாரிகளின் வழக்கமான நிர்வாகச் செயல்கள் அந்த உரிமையை இடம்பெயர்க்கப் போதாது என்பது தீர்ப்பின் சாரம். இரு நாட்டு நிலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில், எழுத்தர் ஒருவர் பக்கத்து நாட்டு நிலத்தைத் தன் ஏட்டில் சேர்த்துவிடுவது இயல்பு என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. 1892 உடன்படிக்கையில் இதே இரண்டு துண்டுகளையும் பெல்ஜியம் நெதர்லாந்துக்கு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது. ஒப்புதல் பெறாத அந்த ஒப்பந்தத்தால் உரிமை மாறிவிடவில்லை.

சட்டத்தின் பார்வையில் இது சரியான பதிலாக இருக்கலாம். ஆனால் அதன் வரம்பைக் குறிப்பிடத்தான் வேண்டும். யாருடைய நிலம் என்ற கேள்விக்கு அது விடை தந்தது. யார் ஆள்வது நல்லது என்ற கேள்வியை அது தொடவில்லை, தொடும் பொறுப்பும் அதற்கு இல்லை. ஒரு நூற்றாண்டாகப் பிறப்பையும் இறப்பையும் பதிந்துவந்த ஓர் அலுவலகத்தின் உழைப்புக்கு இறையாண்மைக் கணக்கில் எடையில்லை என்று அது சொன்னது. பார்லேயில் எல்லை வரையறை முழுமையாக முடிந்தது 1995-இல்தான். அதாவது, முன்ஸ்டரிலிருந்து எண்ணினால் மூன்றரை நூற்றாண்டு.

வாசற்கதவின் ஆட்சி

கோடு ஒரு வீட்டின் ஊடே போனால் அந்த வீட்டார் எந்த நாட்டவராகப் பதிவு செய்யப்படுவார்கள்? ஊர் கண்டுபிடித்த பதில் புகழ்பெற்றது: முன்வாசல் எந்த நாட்டில் திறக்கிறதோ அந்த நாடு. வீட்டு எண் பலகையில் நாட்டுக் கொடியின் நிறமும் இருக்கும். லோவரன் தெருவில் ஒரு வீட்டின் முன்கதவையே கோடு நடுவாகப் பிளக்கிறது. அந்த வாசலின் ஒரு பக்கம் நெதர்லாந்து எண், மறுபக்கம் பெல்ஜிய எண்.

இந்த விதியைச் சுற்றுலாக் கையேடுகள் வேடிக்கையாகச் சொல்கின்றன. ஆட்சியியல் நோக்கில் அது மதிக்கத்தக்க ஏற்பாடு. நிலத்தின் கேள்வியை அது மறுபடி ஆளின் கேள்வியாக மாற்றுகிறது. வீட்டின் தரை இரு நாட்டிலும் கிடக்கலாம். குடும்பம் ஒரே நகராட்சியின் பதிவேட்டில் இருக்கும், வருமான வரி ஒரே நாட்டுக்குப் போகும், பிள்ளைகளுக்கான உதவித்தொகை ஒரே இடத்திலிருந்து வரும். 1198-இன் தர்க்கம்தான் இது, குடியாட்சிக் காலத்து உருவில்.

பலவீனமும் உண்டு. கதவை இடம் மாற்றலாம். எல்லை மறுஅளவையில் நாடு மாறிப்போன வீட்டார், பழைய நாட்டிலேயே இருக்க விரும்பி வாசலைத் தள்ளிவைத்த செய்தி ஊரில் பரவலாகச் சொல்லப்படுகிறது. வரிக்காகவும் கட்டட அனுமதிக்காகவும் அதையே செய்யலாம் என்றால் அது சட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியாகிவிடுகிறது. எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. கோட்டின்மேல் சொத்து உள்ளவர்களுக்கே உண்டு. கோட்டின்மேல் எழும் கட்டடத்துக்கு இரு நகராட்சிகளின் அனுமதியும் வேண்டும் என்பது எதிர்ப்பக்கச் சுமை.

இன்னொரு நுட்பம். குடியுரிமை வேறு, வசிப்பிடம் வேறு. பார்லே-ஹெர்டோகில் வசிப்போரில் கணிசமானவர்கள் நெதர்லாந்துக் குடிமக்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கைக்குப் பிறகு (1843-இன் எல்லை உடன்படிக்கை அல்ல) அதன் குடிமக்கள் தாம் வசிக்கும் நகராட்சியின் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆகவே பெல்ஜிய மன்றத்தை நெதர்லாந்துக்காரர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்ளூர் அரசியலில் இரு நாடுகள் என்ற பிரிவு, தேசியம் பேசுவோர் எண்ணுவதைவிட மிகவும் நீர்த்துப்போன ஒன்று.

எல்லை ஊருக்கு ஆதாயமா?

எல்லை இருப்பதுதான் ஊருக்கு நல்லது என்பது இன்னொரு நிலைப்பாடு. இதற்கு ஆதாரமாக முதலில் நிற்பது முதல் உலகப்போர். பெல்ஜியத்தின் மிகப்பெரும் பகுதி ஜெர்மானியரின் பிடியில் இருந்தபோது, நடுநிலை நெதர்லாந்தால் சூழப்பட்ட பார்லே-ஹெர்டோகின் திட்டுகளுக்குள் ஜெர்மன் படை நுழைய முடியவில்லை. 1915-இல் பெல்ஜியர்கள் அங்கே ஒரு வானொலி நிலையம் அமைத்து எதிரியின் சமிக்ஞைகளைக் கவனித்தார்கள். தன் நடுநிலைக்குப் பங்கம் வருமோ என்று அஞ்சிய நெதர்லாந்து வேலியிட்டுக் கண்காணித்தது. அதே வேளையில் ஜெர்மானியர்கள் பெல்ஜிய எல்லையில் மின்கம்பி வேலி போட்டிருந்தார்கள். தப்பியோடியவர்கள் பலர் அதில் உயிரிழந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் இரு நாடுகளும் பிடிபட்டன. கோடு யாரையும் காக்கவில்லை. 1944 அக்டோபரில் போலந்துக் கவசப் படைப்பிரிவு ஊரை மீட்டது.

அமைதிக் காலத்தில் ஆதாயம் கடத்தலாக வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெண்ணெய் பெரிய சரக்கு. இன்று அது சட்டபூர்வமான விலை வேறுபாடாகவும் சுற்றுலாவாகவும் வருகிறது. நெதர்லாந்தில் பட்டாசு விற்பனை ஆண்டின் கடைசி நாள்களுக்குள் அடைக்கப்பட்டிருந்தது. பெல்ஜியக் கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைத்தது. டிசம்பரில் வாங்க வரும் கூட்டம் தெருவை அடைத்தது. 2025-இல் நெதர்லாந்து நாடாளுமன்றம் தனிநபர் பட்டாசுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2014 முதல் நெதர்லாந்தில் மது வாங்க 18 வயதாக வேண்டும். பெல்ஜியத்தில் பீருக்கு 16 போதும். ஒரே தெருவின் இரு பக்கத்தில் ஓர் இளைஞர் ஒரு பக்கம் வளர்ந்தவர், மறுபக்கம் சிறார்.

ஆதாய வாதத்தின் குறையை இங்கேதான் காண வேண்டும். வேறுபாட்டால் வரும் வருமானம் கடைக்காரருக்கும் வரி வாங்கும் நகராட்சிக்கும் போகிறது. கூட்டம், குப்பை, காவல் செலவு ஆகியவற்றைப் பக்கத்து நகராட்சியும் சுமக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது பெல்ஜியம் அத்தியாவசியமற்ற கடைகளை மூடியது. நெதர்லாந்து திறந்து வைத்திருந்தது. கோடு நடுவே ஓடும் ஒரு துணிக்கடையில் பெல்ஜியப் பாதியை மட்டும் நாடா கட்டி அடைத்தார்கள். நோய்க்குக் கோடு தெரியாது. இரு மேயர்களும் தத்தம் தலைநகரின் ஆணையை ஒரே தெருவில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எல்லை ஆதாயம் என்போர் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டு நகராட்சிச் சட்டங்கள்

நெதர்லாந்தில் மேயர் நேரடித் தேர்தலில் வருபவர் அல்லர். மன்றத்தின் பரிந்துரையின்பேரில் அரச ஆணையால் ஆறு ஆண்டுகளுக்கு நியமிக்கப்படுகிறார். பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருகிறார். மன்றத்துக்குத் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. பிளாண்டர்ஸ் பகுதியின் பெல்ஜிய நகராட்சிகளில் மேயர் உள்ளூர் அரசியலில் வளர்ந்தவர். தேர்தல் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, 2024-இல் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கட்டாய வாக்களிப்பும் நீங்கியது. ஒருவருக்குக் கட்சி உண்டு, ஊரில் வாக்குவங்கி உண்டு. மற்றவர் கட்சிக்கு மேலே நின்று நடத்த வேண்டியவர். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், யார் யாருக்காகப் பேசுகிறார் என்பதே சமமாக இருப்பதில்லை. காவலிலும் இதே நிலை: பார்லே-ஹெர்டோக் துர்ன்ஹவுட் வட்டாரக் காவல் மண்டலத்தில் இருக்கிறது, பார்லே-நாசோவுக்கு நெதர்லாந்தின் தேசியக் காவல்துறை.

பொறுப்புகளும் வேறு. 2015-இல் நெதர்லாந்து இளைஞர் நலம், முதியோர் உதவி போன்றவற்றை நகராட்சிகளின் தலையில் இறக்கியது. பிளாண்டர்ஸில் அவற்றில் பல வேறு அடுக்குகளில் இருக்கின்றன. ஆகவே "உங்கள் நகராட்சி செய்வதை எங்கள் நகராட்சியும் செய்யட்டும்" என்று சொல்வது எளிதாக இல்லை. எதிர்ப்பக்கம் பேச வேண்டிய ஆள் சில வேளை நகராட்சியிலேயே இல்லை, பிரஸ்ஸல்ஸில் இருக்கிறார்.

இரு நாடுகளும் சிறு நகராட்சிகளை இணைத்துக் குறைத்துவருகின்றன. 2025 தொடக்கத்தில் பிளாண்டர்ஸில் 285 நகராட்சிகளே மிஞ்சின. நெதர்லாந்தில் 350-க்கும் குறைவு. பெரிய இணைப்பு அலைகளில், பெல்ஜியத்தில் 1977-இலும் வடக்கு பிராபாந்தில் 1990-களிலும், இரண்டு பார்லேக்களும் தனியாகத் தப்பின. ஏறக்குறைய 3,000 பேரே உள்ள பார்லே-ஹெர்டோக் தனி நகராட்சியாக நீடிப்பது அதன் எல்லையால்தான் என்று நம்ப இடமிருக்கிறது. ஆனால் தப்பித்தல் விலையில்லாமல் வராது. சிறு நகராட்சிக்கு வழக்கறிஞர், பொறியாளர், சமூகநலப் பணியாளர் என ஒவ்வொரு துறைக்கும் ஆள் வைக்க முடியாது. பார்லே-நாசோவும் தன் பணிகளுக்கு அண்டை நகராட்சிகளோடு சேர்ந்து அலுவலர்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. எந்தத் தீர்வும் அந்தப் பற்றாக்குறையின் நடுவேதான் செயல்பட வேண்டும்.

சேர்ந்து ஆளும் வழி

இன்று ஆய்வாளர்களிடமும் அரசுகளிடமும் ஓங்கி நிற்கும் பதில் ஒத்துழைப்பு. கோட்டை அழிக்காமல் அதன் மேலே ஓர் ஆட்சி அடுக்கைக் கட்டுவது. 1986-இல், இவ்விரு நாடுகளும் உள்ள பெனலக்ஸ் கூட்டின் நாடுகள் கையெழுத்திட்டு 1991-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, எல்லை தாண்டி நகராட்சிகள் ஒன்றோடொன்று சட்டபூர்வமாகச் சேர வழி வகுத்தது. அதன்கீழ் 1998-இல் பார்லேயின் கூட்டு அமைப்பு உருவானது. 2014-இல் வந்த புதிய பெனலக்ஸ் உடன்படிக்கை இந்த வழியை மேலும் விரிவாக்கியது. பண்பாட்டு மையம், நூலகம், தீயணைப்பு, குப்பை, தெருப் பராமரிப்பு, சுற்றுலா என்று இரண்டும் சேர்ந்து செய்யும் பட்டியல் நீளமானது.

இதன் பலத்தை யாரும் மறுக்க முடியாது. எல்லையில் சாக்கடை ஒரே சாக்கடைதான். பிரெண்டன் வைட், எவ்கெனி வினோகுரோவ் போன்ற திட்டு நிலங்களை ஆராய்ந்த அறிஞர்கள் காட்டும் உலக அனுபவத்தோடு ஒப்பிட்டால், பார்லே வெற்றிக் கதை. வைட் ஆராய்ந்த இன்னோர் இடம் இதை நன்கு விளக்கும். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே கூச் பிகார் பகுதியில் 162 திட்டுகள் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்களுக்கு நாடு தாண்டாமல் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ காவல் நிலையத்துக்கோ போக முடியாமல், பலர் எந்த நாட்டு ஆவணமும் இல்லாமல் பல தலைமுறை வாழ்ந்தார்கள். 1974-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2015 ஜூலை 31 நள்ளிரவில் பரிமாற்றம் நிறைவேறியபோது அது விடுதலையாக உணரப்பட்டது. பார்லேயில் மக்கள் பரிமாற்றத்தைக் கேட்கவில்லை. காரணம், அவர்களுக்குக் கிடைக்காத அரசு எதுவும் இல்லை, இரண்டு அரசுகள் இருந்தன. திட்டு என்ற வடிவம் தானாகத் துன்பம் தருவதில்லை. ஆட்சி எட்டாத இடத்தில்தான் துன்பம். இந்த ஒப்பீடு நேராக்குவோரின் வாதத்தைப் பெரிதும் தளர்த்துகிறது.

ஆனால் ஒத்துழைப்பு வாதத்தையும் கேள்வியின்றி ஏற்க முடியாது. கூட்டு அமைப்பின் பொறுப்பு யாருக்கு? இரு நகராட்சிகளின் நிர்வாகிகளும் உட்கார்ந்து எடுத்த முடிவை ஏற்காத ஊர்க்காரர் யாரிடம் முறையிடுவார், எந்தத் தேர்தலில் தண்டிப்பார்? கூட்டு அமைப்புக்கென்று நேரடியாக வாக்களிக்கும் வழியில்லை. முடிவுகள் இறுதியில் இரண்டு மன்றங்களிடமும் திரும்பிச் செல்ல வேண்டும். அப்போது ஒரு மன்றம் மறுத்தால் இரண்டும் நின்றுபோகும். மற்றொன்று: கூட்டுப் பணிக்கு அதிகாரம் மேலே இருந்து வர வேண்டும். காவல் ஒத்துழைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018-இல் கையெழுத்தான பெனலக்ஸ் காவல் உடன்படிக்கை 2023 அக்டோபர் 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. தேவை தெருவில் அன்றாடம் எழுந்துகொண்டிருக்கும்போது, அதிகாரம் ஐந்து ஆண்டுகள் தாளில் காத்திருந்தது.

திறந்திருப்பவை

இறையாண்மை தீர்ந்துவிட்டது. 1959-இன் தீர்ப்பும் 1995-இன் வரையறையும் அதை முடித்துவிட்டன. பரிமாற்றம் என்ற பழைய தீர்வு மீண்டும் எழ வாய்ப்பு இருப்பதாகத் தெரியவில்லை. குடிமக்கள் பரிமாற்றத்தை விரும்பாத இடத்தில் எந்தக் கோட்டையும் நேராக்குவதற்கு நியாயம் கிடையாது என்பதே என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் காலப்போக்கில் கோட்டையே பொருளற்றதாக்கிவிடும் என்ற நிலைப்பாட்டையும் எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். சுங்கம் போனது, நாணயம் ஒன்றானது. வரி, நலத்திட்டம், கட்டட விதி, தேர்தல் ஆகியவை இன்னும் தேசியமாகவே இருக்கின்றன. 2020-இன் அனுபவம், நெருக்கடியில் எல்லை எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது என்பதைக் காட்டியது.

மூன்று கேள்விகள் மிஞ்சுகின்றன. முதலாவது, கூட்டு அமைப்பைக் கூட்டாகத் தேர்ந்தெடுக்க முடியுமா? இரு நாட்டு அரசமைப்புகளும் இன்று அதற்கு இடம் தருவதாகத் தெரியவில்லை. ஆயினும் கேட்கத்தக்க கேள்வி இது. இரண்டாவது, சிறு நகராட்சிகளை இணைக்கும் அழுத்தம் ஒருநாள் இரண்டில் ஒன்றையாவது தன் நாட்டுப் பக்கத்து நகராட்சியோடு சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? அப்போது எல்லை மாறாது; ஆனால் மறுபக்கத்தோடு பேச இருந்த மேசை காணாமல் போகும். பார்லே-ஹெர்டோகின் மேயர் துர்ன்ஹவுட்டில் உட்கார்ந்திருந்தால், கோட்டின் அடுத்த பக்கத்தில் இருக்கும் தெருவைப் பற்றிப் பேச அவருக்கு எத்தனை நேரம் கிடைக்கும்? என் மதிப்பீட்டில் இதுதான் ஊரின் உண்மையான ஆபத்து. கோட்டால் வரும் எந்தத் தொல்லையும் இதற்கு ஈடாகாது. மூன்றாவது, வேறுபாட்டால் வரும் ஆதாயத்தையும் செலவையும் இரு நகராட்சிகளும் எந்த அளவில் பகிர்ந்துகொள்வது? இதற்கு ஒப்புக்கொண்ட பொதுச் சூத்திரம் இன்னும் உருவாகவில்லை.

இவற்றுக்கு விடை காண வேண்டியவர்கள் தலைநகரங்களில் உள்ள சட்ட வல்லுநர்கள் மட்டும் அல்லர். 1836-க்கும் 1841-க்கும் இடையே பதிவேட்டை எழுதி, நடைமுறைத் தீர்வை முதலில் கண்டவர்கள் இந்த இரு நகராட்சிகளின் எழுத்தர்கள். அவர்களுக்குப் பின்வந்தவர்களுக்குத் தனித்து நிற்கவும் சேர்ந்து பேசவும் போதிய ஆளும் பணமும் அதிகாரமும் தரப்பட வேண்டும். ஹேக்கும் பிரஸ்ஸல்ஸும் பார்லேக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுவே.